அந்தரத்து வீட்டுக்கு வந்த மொய்

பூமயில் அத்தையின் சாம்பல் நிறக் கோழி ஒருநாள் காலையில் மேகலா வீட்டுக்கு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. வாசல் வழியாகப் புகுந்து கொல்லை வழியாக வரவில்லை. வீட்டுக்கு அடியில் புகுந்து, அடியிலேயே நடந்து, மறுபக்கம் வந்து சிறகை உதறிக்கொண்டது. அப்போதுதான் அந்த வீடு தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி நிற்பது எங்கள் தெருவுக்குத் தெரிந்தது.

"ஏ மேகலா, ஒங்க வீட்டுக்கடியில எங்கோழி போவுதுடி," என்றாள் அத்தை.

"அங்கன முட்டைகிட்டை வச்சிரப் போவுது அத்தை. பாத்துக்கங்க," என்று மேகலா உள்ளேயிருந்து சொன்னாள்.

அவளுடைய அப்பா வேலுச்சாமி வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி வெளியே வந்தார். தரை பழைய இடத்தில் இருக்கும் என்று காலை வைத்துத் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கொத்தனார். ஆகவே பார்த்ததும் காரணம் சொல்லியாக வேண்டும். "அன்னைக்கே சொன்னேன், காண்ட்ராக்டர் அஸ்திவாரமே சரியாப் போடலைன்னு. பிடிப்பு இல்ல. அதான் கெளம்பிருச்சு," என்று சொல்லிவிட்டு, ஏறி இறங்க வசதியாக ஒரு செங்கல்லை எடுத்து வாசலில் போட்டார். அதுதான் முதல் படி.

அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி போகிற சாலையில், கருவேலங்காட்டை ஒட்டி, அரசாங்கம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் எங்களுடையவை. எல்லாம் ஒரே அச்சு. ஒரு அறை, ஒரு அடுப்படி, தெற்கே ஒரு சன்னல். எல்லா வீட்டிலும் பாதிப்பேர்தான் இருப்பார்கள், மீதிப்பேர் சிங்கப்பூரிலோ சவுதியிலோ குவைத்திலோ இருப்பார்கள். மேகலாவின் அம்மா அஞ்சலை, மகள் கல்லூரியில் சேரும் முன்பே, அந்தப் படிப்பை மனதில் வைத்து, குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனவள். மகள் பி.காம். முடித்தாள், எங்கள் தெருவின் முதல் பட்டதாரி ஆனாள், அதற்கான சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஆணியில் மாட்டினாள். அம்மா இன்னும் வரவில்லை. படித்த மகளுக்கு வேலை கிடைக்கும்வரை, பிறகு வாங்கிய கடன் தீரும்வரை, பிறகு கூரை ஒழுகாமல் பூசும்வரை என்று அவள் திரும்புவது தள்ளிக்கொண்டே போனது.

பட்டம் வாங்கியவளுக்கு இருந்த ஒரே வேலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் கம்பெனியில், விடுதியில் தங்கிப் பார்க்கிற வேலை. அதற்கும் போய்விட்டால் அந்த வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார். பிறகு அம்மா யாரிடம் திரும்பி வருவது என்று மேகலா பயந்தாள். பயப்படுவது அவளுக்குப் புதிதல்ல. பேனா எடுக்கும்போதும் பயப்படுவாள், பேருந்தில் சில்லறை கேட்கும்போதும் பயப்படுவாள். இந்த நேரத்தில்தான் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்த சீனி முகமது அவளுக்குச் 'சரடு' என்ற செயலியைக் காட்டினார்.

"எழுது. போட்டோ போடு. புடிச்சவங்க கை குடுப்பாங்க. ஒவ்வொரு கைக்கும் முத்து வரும். முத்தை வித்தா ரூவா," என்றார் அவர்.

"இது யாரோட கம்பெனி பாய்?"

"கம்பெனியே இல்லம்மா. பிளாக்செயின். ஒருத்தர் பெட்டியில பூட்டி வச்ச கணக்கில்ல. எல்லாரு கண்ணு முன்னாடியும் கோத்துக்கிட்டே போற கணக்கு. நடுவுல ஒரு மணியை எவனும் உருவ முடியாது."

"மொதலாளி இல்லைன்னா சம்பளம் யார் தருவா?"

"புதுசா வர்றவங்க முத்து வாங்குறாங்கல்ல, அவங்க காசுதான்."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்குப் பின்னாடி வர்றவங்க காசு."

"கடைசியா வர்றவங்களுக்கு பாய்?"

சீனி பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "கடைசின்னு ஒருத்தர் எதுக்கு வரணும்?" என்றார். அவர் ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவரே தன் கடையின் முன்பணத்தை முத்தாக மாற்றி வைத்திருந்தார், மனதார நம்பினார்.

மேகலா எழுதினாள். எழுத அவளிடம் இருந்தது எங்கள் தெரு மட்டுமே. குழாயடியில் யார் குடத்தை யார் நகர்த்தினார்கள், கருவாட்டுக்காரர் வண்டி எந்த வீட்டு வாசலில் நின்றால் எந்த வீட்டுப் பூனை எழுந்திருக்கும், மழை வருவதற்கு முன்னால் தொகுப்பு வீட்டுச் சுவர்கள் எப்படி வியர்க்கும் என்று ஒவ்வொரு சாயங்காலமும் எழுதினாள். எட்டு வருசமாக அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் எழுத்தாக்கினாள். அம்மாவின் எஜமானி போனுக்கு அளவு வைத்திருந்ததால் சொல்லி முடியாமல் மிச்சமானவையும் அதில் சேர்ந்தன. யார் யாரோ கை கொடுத்தார்கள். கைகள் கூடக்கூட வீடு எழும்பியது. அவள் மனதில் ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது. அம்மா அங்கே வாங்கும் சம்பளத்தை இங்கே தான் எழுதிச் சம்பாதித்துவிட்டால், இந்த ஆடியோடு முடிகிற ஒப்பந்தத்தை அம்மா புதுப்பிக்க வேண்டியதில்லை.

முதல் முறை முத்துகளை விற்ற அன்று, "வந்துரும்மா. இனிமே நான் பாத்துக்கறேன்," என்றாள் போனில்.

"பாப்போம் தங்கம்," என்றாள் அஞ்சலை. "வீடு எழும்பிருச்சாமே. தலை சுத்துதா?"

"லேசா."

"சுவத்தோரமாப் படு."

ஒரு வீடு எழும்பினால் பக்கத்து வீடு சும்மா இருக்காது. ஒரு மாதத்துக்குள் எங்கள் தெருவே சரட்டில் சேர்ந்தது. இங்கேதான் நாங்கள் மற்ற ஊர்க்காரர்கள் யாரும் செய்திருக்க முடியாத ஒரு காரியத்தைச் செய்தோம். எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து நடக்கும். பணம் வேண்டிய குடும்பம் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி ஆக்கி, ஊரை அழைக்கும். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் வைப்பார்கள். இன்ன ஊர், இன்ன பேர், இவ்வளவு என்று மைக்கில் சொல்வார்கள். வாங்கியவர், அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியதற்கு மேலே கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பாதவன் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது. இந்த வழக்கத்தில் ஊறிய எங்களுக்குச் சரட்டைப் பார்த்ததும் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

"இது மொய்தானடி," என்றாள் பூமயில் அத்தை. "கறிச்சோறு மட்டும்தான் இல்ல."

மற்ற ஊர்களில் ஒருவர் கை கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்களால் அப்படி இருக்க முடியவில்லை. கொடுத்த கையைத் திருப்பினோம், கூட்டித் திருப்பினோம். சரட்டில் ஒருவர் எவ்வளவு முத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரோ அவ்வளவு கனம் அவர் கைக்கு. வெறுங்கை ஆயிரம் சேர்ந்தாலும் ஒரு கனத்த கைக்கு ஈடாகாது. ஆகவே வாங்கியதைவிடக் கனமாகத் திருப்புவதற்காக, வந்த காசுக்கும் முத்து வாங்கினோம், வராத காசுக்கும் முத்து வாங்கினோம், காதிலிருந்ததைக் கழற்றியும் வாங்கினோம். வீடுகள் எழும்பின, வேப்பமர உயரம் எழும்பின, தென்னையின் இடுப்புவரை எழும்பின, நாட்டில் வேறெங்கும் எழும்பாத உயரத்துக்கு எங்கள் தொகுப்பு வீடுகள் எழும்பின.

வேலுச்சாமிக்கு வாழ்க்கையில் இல்லாத வேலை வந்தது. மூங்கில் ஏணி போதும் என்றவர்களிடம் அவர் கோபப்பட்டார். "ஏணி வச்சா, நாளைக்கு எறங்கிருவேன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. படி கட்டணும். சிமெண்டுப் படி. படியைப் பார்த்தா வீட்டுக்கே எறங்க ஒரு வெக்கம் இருக்கும்," என்றார். அது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. வீடு எழும்ப எழும்ப அவர் படி கட்டினார், திருப்பம் வைத்துக் கட்டினார், கைப்பிடி வைத்துக் கட்டினார். தன் வீட்டுப் படிக்குக் கைப்பிடியில் மயில் வைத்தார், அது வாத்து மாதிரி இருந்தது. ஒவ்வொரு புதுப்படிக்கும் வீட்டில் பால் காய்ச்சினோம், பால் காய்ச்சியதை எழுதிச் சரட்டில் போட்டோம், அதற்கும் கை வந்தது, அந்தக் கைக்கு வீடு இன்னும் ஒரு படி எழும்பியது.

இப்படியே எல்லாம் பழகிப்போனது. தபால்காரர் கீழே நின்று விசில் ஊதுவார், மேலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் படிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்டார், கொடுத்தோம். பஞ்சாயத்துக் கிளார்க் வந்து இதைத் தரைவீடு என்று எழுதுவதா மாடிவீடு என்று எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்து, கீழே எதுவும் இல்லாததால் மாடி என்று எழுத மனம் வராமல், மோர் குடித்துவிட்டுப் போனார். பேராவூரணியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் நிறத்தைக் கேட்கவில்லை, வீட்டின் உயரத்தைக் கேட்டார்கள். ஆடுகளுக்குத்தான் நல்ல காலம். எல்லா வீட்டுக்கும் அடியில் நிழல் இருந்தது.

ஒன்றை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பேசவில்லை. யாரும் எதையும் படிக்கவில்லை. பூமயில் அத்தை தினமும் கோழியின் படத்தைப் போட்டாள். ஒரே படம்தான். அதற்கும் தெருவே கை கொடுத்தது. பந்திக்கு வந்தவர்கள் எல்லோரும் இலையைத் தொடாமல் மொய்யை மட்டும் வைத்துவிட்டு எழுந்துபோவதுபோல் இருந்தது. மேகலா மட்டும், தெரியாத்தனமாகப் பட்டம் வாங்கியவள் என்பதால், எல்லோரும் எழுதியதையும் உட்கார்ந்து படித்தாள். அத்தையிடம் போய், "என்ன அத்தை, கோழி ஒரே மாதிரி நிக்குது?" என்று கேட்டாள்.

"நீ ஒருத்திதாண்டி அதப் பாத்துருக்க," என்று அத்தை உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். வீடு எழும்பியதற்குக்கூட அவள் அப்படி ஆச்சரியப்படவில்லை.

மேகலா வீடுதான் எல்லாவற்றையும்விட உயரம். தென்னையின் தலையைத் தாண்டிய அன்று வாசலில் நின்று பார்த்தால் கிழக்கே ஒரு நீலக்கோடு தெரிந்தது. அது கடல். அவ்வளவு தூரத்துக் கடல் அந்த உயரத்திலிருந்து தெரியக்கூடாது என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார், ஆனால் தெரிந்தது. வேலுச்சாமி கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் ரெண்டு படி ஏறுனா ஒங்கம்மா தெரிவா போலருக்கே," என்றார்.

"அது கிழக்குக் கடல்ப்பா. அம்மா மேக்க இருக்கு."

"கடல் கடல்தான் தாயி. சுத்தி வந்தாப் போச்சு."

அன்று மேகலா அந்த நீலக்கோட்டைப் பற்றி எழுதினாள். தவறான திசையில் இருக்கிற கடலைப் பார்த்துக்கொண்டு சரியான ஆளை நினைப்பதைப் பற்றி எழுதினாள். அவள் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று இப்போது நினைக்கிறோம், அப்போது நாங்கள் படிக்கவில்லை. அதற்கு எல்லா நாளையும்விடக் கனமான ஒரு கை வந்தது. 'ஈச்சமரம்' என்ற பெயரில் இருந்த ஒருவருடைய கை அது. அவர் சரட்டில் தானாக எதுவும் எழுதியதில்லை. அவருக்கு முகம் இல்லை, ஊர் இல்லை.

ஆனி மாதத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு இல்லாமலே போனார்கள். சேரவேண்டியவர்கள் எல்லோரும் சேர்ந்தாகிவிட்டது. அடுத்த ஊரும் சேர்ந்தாகிவிட்டது. அதற்கடுத்த ஊரில் எங்களைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்கள். முத்தை வாங்க ஆளில்லாமல் விற்க மட்டும் ஆளிருந்தார்கள். எல்லோரும் எழுதி, எல்லோரும் கொடுத்து, எல்லோரும் திருப்பி, வெளியிலிருந்து பசியோடு ஒருவரும் வராததால், வீடுகள் இறங்கத் தொடங்கின. விழவில்லை. பந்தி முடிந்து பாயைச் சுருட்டுவதுபோல ஓசையில்லாமல், மரியாதையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. பூமயில் அத்தை அடுப்பில் குழம்பைக் கூட்டி வைத்தபோது மேலே இருந்தாள், தாளித்து இறக்கியபோது கீழே இருந்தாள்.

வீடுகள் இறங்கின, படிகள் இறங்கவில்லை. வெட்கப்பட வேண்டிய வீடு வெட்கப்படாமல் இறங்கிவிட, சிமெண்டுப் படிகள் ஒவ்வொரு வாசல் முன்னாலும் வானத்தைப் பார்த்து ஏறி நடுவிலே நின்றன. வாசலை மறைத்தன. பக்கவாட்டில் ஒதுங்கித்தான் வீட்டுக்குள் போக முடிந்தது. வேலுச்சாமியைத் திட்டியவர்களும் உண்டு. ஆனாலும் சாயங்காலமானால் ஒவ்வொருவராக அவரவர் படியில் ஏறி, உச்சிப்படியில் உட்கார்ந்து, வீடு இருந்த இடத்தில் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காற்று வாங்குவதுபோல் இருந்தோம். யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சீனி பாய் கடையைச் சுருக்கி, போன் உறையும் சார்ஜர் வயரும் மட்டும் விற்றார். எங்களைப் பார்க்கும்போது முதலில் தலையைக் குனிந்துகொண்டார், பிறகு, "எனக்கும் போச்சும்மா," என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவரிடம் கேட்க எங்களுக்கும் வரவில்லை.

மேகலா வீடு மட்டும் இறங்கவில்லை.

தெருவே அண்ணாந்து பார்த்தது. சிலருக்குப் பெருமை, சிலருக்கு வயிற்றெரிச்சல். "புள்ள எழுத்து அப்படி. நின்னு பேசுது," என்றார் வேலுச்சாமி. மேகலாவும் அதை நம்ப ஆசைப்பட்டாள். இருபத்து மூன்று வயது, முதல் பட்டதாரி, தன் எழுத்து ஒரு வீட்டைத் தாங்குகிறது என்று நம்ப யாருக்குத்தான் ஆசை இராது? ஆனால் அவள் கணக்குப் படித்தவள். கைகளை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் போய், ஒரே ஒரு கைதான் மிச்சம் இருந்தது. ஈச்சமரம். முன்னைவிடக் கனமாக, ஒருநாள் விடாமல், அவள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தக் கை.

ஆடி பிறந்தது. அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"இன்னொரு வருசம் இருந்துட்டு வர்றேன் தங்கம். மேடம் கேக்குது."

"எதுக்கும்மா? நான்தான் சம்பாதிக்கிறேன்ல? ஒன் சம்பளத்துல பாதி இன்னமும் வருதே?"

"வருதுல்ல, நல்லா வரட்டும். மாசக் கடைசில கையெழுத்துப் போடணும். அப்பாட்ட சொல்லிரு." பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், "வீடு எறங்கலையே?" என்று கேட்டாள்.

எங்கள் வழக்கத்தில், பேர் தெரியாதவரிடம் மொய் வாங்குவது பாவத்துக்குச் சமம். யாரென்று தெரியாவிட்டால் எங்கே போய்த் திருப்புவது? அடுத்த நாள் மத்தியானம் மேகலா ஈச்சமரத்துக்கு எழுதினாள்: 'உங்கள் ஊரும் பேரும் தெரியவேண்டும். இவ்வளவு செய்திருக்கிறீர்கள். திருப்பிச் செய்யாமல் இருக்க எங்களுக்குப் பழக்கமில்லை.'

தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. உயரத்தில் இருக்கிற வீட்டுக்கு மழை கொஞ்சம் முன்னதாகவே தெரியும். மழை வரப்போகிறது என்று அவள் அன்று காலையிலேயே எழுதிப் போட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'ஊர் பேர் எதுக்கு. மழை வருதுன்னு போட்டிருக்க. தெக்குச் சன்னல சாத்து. கொக்கி நிக்காது, துணி வச்சுக் கட்டு.'

அந்தச் சன்னல் கொக்கியைப் பற்றி மேகலா ஒருநாளும் எழுதியதில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அது கழன்றது. துணி வைத்துக் கட்டியது அம்மாதான். அந்தப் பழைய தாவணிக் கிழிசல் இன்னும் அங்கேயே இருந்தது. மேகலா எழுந்து சன்னலைச் சாத்தினாள், துணியை முடிந்தாள், முடிந்த இடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வந்து அடித்தது. வீடு அசையவில்லை. அவ்வளவு உறுதியாக ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

மழை விட்டதும் போன் செய்தாள்.

"யம்மா. ஈச்சமரம்."

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"எங்க மேடம் வீட்டு வாசல்ல ஒண்ணு நிக்குது," என்றாள் அஞ்சலை. "வேற பேரு தோணல."

"சம்பளத்தைப் பூராம் அதுலயா போட்ட?"

"பாதிய அப்பாவுக்கு அனுப்புறேன்ல. மிச்சத்தத்தான். ஒனக்கு நேரா அனுப்புனா நீ அரிசி வாங்கிருவ. இதுல போட்டா நீ எழுதுவ."

"நான் சம்பாதிக்கிறேன், வந்துரும்மான்னு என்னைச் சொல்ல வச்சுட்டு... அது ஒன் காசுதானா? நீ வர்றதுக்குன்னு நான் சேத்ததெல்லாம் நீ வராம இருந்து குடுத்த காசா?"

"மொதல்ல ஊரும்தான் குடுத்துச்சு. அவங்க நிறுத்துனதும் வீடு எறங்குமேன்னு கொஞ்சம் கூட்டிப் போட்டேன்."

"எதுக்கும்மா? நீ படிச்சா எனக்குப் போதாதா?"

அஞ்சலை கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "போதாது. எனக்குத் தெரியாதா? நாலு பேரு படிக்கிறாங்கன்னு நெனைக்கிறப்ப ஒன் எழுத்து ஒரு மாதிரி நடக்கும். அம்மாவுக்குன்னா வேற மாதிரி ஒக்காந்துரும். நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன், ஆனா அது தெரியும்."

மேகலாவால் அதை மறுக்க முடியவில்லை. அவள் பொய் சொல்லக்கூடியவளாக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒன்று சொல்லியிருக்கலாம். "கையெழுத்துப் போடாதம்மா," என்று மட்டும் சொன்னாள்.

"வீடு?"

"எறங்கட்டும்."

"எறங்கவிட மாட்டேன் நான்," என்றாள் அஞ்சலை. இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு எஜமானி கூப்பிட்டுவிட்டாள்.

தாங்குகிற கையைத் தட்டிவிட முடியாது. அது பிடிக்க எதுவும் இல்லாமல் செய்யலாம். அன்றிலிருந்து மேகலா சரட்டில் எழுதுவதை நிறுத்தினாள். பழைய எழுத்துக்குக் கை கொடுக்க முடியாது என்பது சரட்டின் விதி. ஈச்சமரம் தினமும் வந்து பார்த்தது, திரும்பிப் போனது. குழாயடியில் நடந்ததெல்லாம் எழுதப்படாமல் வீணாகப் போவதை மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பூனை குட்டி போட்டது, எழுதவில்லை. கருவாட்டுக்காரருக்கும் தபால்காரருக்கும் சண்டை வந்தது, எழுதவில்லை. கை அரித்தது, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வீடு ஒவ்வொரு படியாக இறங்கியது. கிழக்கே நீலக்கோடு மறைந்த அன்று வேலுச்சாமி சாப்பிடவில்லை. "மயில் வச்ச படி தாயி," என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு மகளுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்து அறிந்து, அதற்குமேல் கேட்காமல், வீடு இறங்கி உட்காரும் இடத்தில் கல் முள் கிடக்காமல் கூட்டிவிட்டார்.

அஞ்சலை கையெழுத்துப் போடவில்லை. பூட்டி வைத்த முத்துகளைச் சரடு ஒரேயடியாகத் திருப்பித் தராது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரும். தந்து முடித்தபோது அவற்றுக்கு விலை என்று ஒன்று இல்லை. ஒரு பெட்டியோடும் ஒரு போர்வையோடும் அவள் ஆவணியில் வந்து இறங்கினாள். தெருவே கூடி நின்றது. முன்னைவிட மெலிந்திருந்தாள், நிறம் மாறியிருந்தாள், எங்களைப் பார்த்துச் சிரிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மகளைக் கன்னத்தில் தொட்டாள். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசலை மறைத்து நின்ற படிக்கட்டைப் பார்த்தாள். வாத்து மாதிரி இருந்த மயிலைத் தடவிப் பார்த்து, "இது என்ன, கோழியா?" என்று கேட்டாள்.

"மயிலு," என்றார் வேலுச்சாமி, எட்டு வருசம் கழித்து மனைவியிடம் நேரில் பேசிய முதல் வார்த்தையாக.

அவள் ஏற ஆரம்பித்தாள். திருப்பங்களில் மூச்சு வாங்கி நின்று நின்று ஏறினாள். மேகலா பின்னாலேயே ஏறினாள். உச்சிப்படியில், வீடு இருந்த வெறும் காற்றுக்கு முன்னால், அஞ்சலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடல் தெரியுதுன்னு எழுதியிருந்தியே. எங்க?"

"அந்தப் பக்கம். இப்பத் தெரியாதும்மா. வீட்டு வாசல்ல நின்னாத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணும்."

"அவ்ளோதானா," என்று சொல்லிவிட்டு அஞ்சலை உட்கார்ந்தாள். கிழக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சூரியன் கருவேலங்காட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு மெதுவாக உடம்பைத் திருப்பி மேற்கே பார்த்தாள்.

"அங்கிட்டுத்தானே குவைத்து?"

"ஆமா."

"ஃபஹத் இப்பப் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பான்," என்றாள். அது யார் என்று மேகலாவுக்குத் தெரியவில்லை. எட்டு வருசத்தில் அந்தப் பெயர் ஒருநாளும் போனில் வந்ததில்லை. "நான் போன மறுவருசம் பொறந்தான். எங்கையிலதான் வளந்தான். ஷூவைக் கழட்டாம நேரா எங்கிட்டதான் ஓடி வருவான். இன்னிக்கு யாருகிட்ட ஓடுனானோ."

தனக்கு வந்தது பொறாமையா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க மேகலாவுக்கு நேரமில்லை. எட்டு வருசமாக இந்தத் தெருவை ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் தெருவை ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு படி மேலே ஏறி, அம்மாவின் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தாள்.

"அவனைப் பத்திச் சொல்லும்மா," என்றாள்.

"எதுக்கு? எழுதப் போறியா?"

"இல்ல."

கீழே பூமயில் அத்தை தன் கோழியைத் தேடிக்கொண்டு வந்தவள், பேச்சுக்குரல் கேட்டு, அடியிலிருந்து மூன்றாம் படியில் உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் அவரவர் படியின் உச்சியில் இருந்தார்கள், காற்று இந்தப் பக்கமிருந்து அடித்ததால் அவர்களுக்கும் கேட்டிருக்கும். அஞ்சலை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த வீட்டுக்கும் தெக்கால ஒரு சன்னல் உண்டு," என்று தொடங்கினாள். மேகலாவின் கைகள் இரண்டும் மடியிலேயே இருந்தன. இருட்டி, வேலுச்சாமி கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.